தமிழ்த்தூதர் தனிநாயகம் அடிகளார்

முதலாம் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நம் கோலாலம்பூரில்தான் நடைபெற்றது என்பதை மாணவச் செல்வங்கள் அறிவீர்களா? 1966ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அவர்கள் அதனைத் தொடங்கி வைத்தார்கள். பல நாட்டு அறிஞர்களை இங்கே வரவழைத்த பெருமகனார் தனிநாயகம் அடிகளார்.

ஈழத்தில், ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன் என்னும் சிற்றூரில் 1913 ஆகஸ்டு 2ஆம் நாள் அவர் பிறந்தார். உரோமாபுரியில் பயின்று கத்தோலிக்கக் குருவானார். பின்னர்த் தென்தமிழ்நாட்டில் வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியரானார். இலத்தீன், இத்தாலியம் முதலிய மொழிகளில் வல்லவராயினும், தமிழ் இலக்கியப் பயிற்சி தம்மிடம் போதவில்லை என்பதை அங்கேதான் உணர்ந்தார். முப்பது வயதைக் கடந்தபின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் மாணவராய் அமர்ந்து, தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றார். தமிழ் கடினம் என முணுமுணுப்போர் நம் வகுப்பிலும் சிலர் உளர். அவர்கள் இதனை இருமுறை படிப்பார்களாக!

தமிழரின் சிறப்பைப் பிறநாட்டார் அறிய வேண்டுமெனில் அவர்கள் அறிந்த மொழியில் எழுதவேண்டும் என்று எண்ணி, 1952இல் தமிழ்ப் பண்பாடு பற்றிய ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். நாடு பல சுற்றினார். வத்திக்கான் நூலகத்தில், 1679இல் அச்சான தமிழ்-போர்த்துக்கேய அகராதியைக் கண்டெடுத்தார்.

தென்கிழக்காசியாவில் இந்தியப் பண்பாடு பரவியதை ஆராய்ந்தோர் பெரும்பாலும் வடமொழியின் சுவடுகளையே நோக்கினர். அடிகளாரோ தமிழின் சுவடுகளைத் தேடினார். தாய்லாந்து அரண்மனைப் பிராமணர், இன்ன மொழி என்றே அறியாமல் வழிவழியாக ஓதிவந்த பாடல்கள் மாணிக்கவாசகரின் திருவெம்பாவை என்பதைத் தமிழுலகம் அறியச் செய்தார். நம் நாட்டிலும் இத்தகைய சுவடுகள் உண்டு. கடைக்கு மலாய்மொழியில் கெடாய் என்கிறோம். கப்பலைக் காப்பால் என்கிறோம். கடல் கடந்த வணிகரோடு சென்ற சொற்கள் இவை. மலாய்மொழியும் வாளா இருக்கவில்லை. நாம் சுவைக்கும் ரம்புத்தானைப் பெயரோடு நமக்குத் தந்தது.

1961 முதல் 1969 வரை, பிரிக்பீல்ட்சுக்கு அணித்தாய்ப் பந்தாய்ப் பள்ளத்தாக்கிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறையை அடிகளார் வழிநடத்தினார். அவர் கண்டெடுத்த அகராதியும் 1966இல் அப்பல்கலைக்கழக வெளியீடாக மறுபிறவி எடுத்தது. சென்னை, பாரிசு, யாழ்ப்பாணம் என மாநாடு ஊர் ஊராய்ச் சென்றது. அடிகளார் 1980 செப்டம்பர் 1ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் மறைந்தார். 1987இலும் 2015இலும் மாநாடு மீண்டும் கோலாலம்பூருக்கே வந்தது.