ஓசோனை அளந்த டாப்சன்

துணியை மீட்டரில் அளக்கிறோம், அரிசியைக் கிலோவில் நிறுக்கிறோம். வானத்தில் உள்ள ஓசோனை எதில் அளப்பது? அதற்கு 'டாப்சன் அலகு' என்று பெயர். அந்தப் பெயருக்கு உரியவர் கார்டன் டாப்சன்.

இவர் 1889-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் விண்டர்மியர் ஏரிப் பகுதியில் பிறந்தார். அப்பா மருத்துவர். மகனுக்கோ கருவிகள் செய்வதில்தான் ஆசை. மாணவராக இருந்தபோதே அந்த ஏரியின் நீர் தொட்டித் தண்ணீர்போல் தளும்புவதை ஆராய்ந்தார் என்றால் பாருங்களேன்!

பின்னர் ஆக்ஸ்போர்டில் ஆசிரியரானார். விண்கற்கள் எரியும் உயரத்தை ஆராய்ந்தபோது, மேலே காற்று எதிர்பார்த்ததைவிடச் சூடாக இருப்பது தெரிந்தது. சூரியனின் புறஊதாக் கதிர்களை ஓசோன் உறிஞ்சுவதே காரணம் என்று கருதினார். அப்படியானால் ஓசோனை அளக்க வேண்டுமே! 1924-இல் வீட்டுப் பட்டறையிலேயே கருவி செய்தார். ஓசோன் அதிகம் உறிஞ்சும் கதிரையும், குறைவாக உறிஞ்சும் கதிரையும் ஒப்பிட்டு அது கணக்கிட்டது. வானத்து ஓசோன் முழுவதையும் தரைக்குக் கொண்டுவந்து பரப்பினால், சுமார் 3 மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அதுதான் 300 டாப்சன் அலகு.

1920-களின் இறுதியில் அவரது கருவிகள் பல நாடுகளுக்குச் சென்றன. ஒன்று நம் கொடைக்கானலுக்கும் வந்தது! படம் பிடித்த தகடுகளை எல்லாம் ஆக்ஸ்போர்டுக்கே திருப்பி அனுப்பினார்கள்.

1956-இல் அண்டார்டிகாவின் ஹாலி விரிகுடாவில் இருந்து தந்தி வந்தது. எதிர்பார்த்ததைவிட சுமார் 150 அலகு குறைவு! கருவி பழுதோ, ஆளின் பிழையோ என்று குழம்பினார்கள். நவம்பரில் அளவு திடீரென்று ஏறியது. மறு ஆண்டும் அப்படியே நடந்தது. அது தென்துருவத்தின் இயல்பு. கருவியின் தவறு அல்ல என்று அப்போதுதான் புரிந்தது.

டாப்சன் 1976-இல் காலமானார். 1985-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அதே ஹாலியில் எடுத்த அளவுகளை வெளியிட்டார்கள். அக்டோபர் மாத ஓசோன், 300 அலகுக்கு அருகிலிருந்து 200-க்கும் கீழே போயிருந்தது! குளிர்சாதனப் பெட்டியிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோபுளோரோ கார்பன்களே காரணம். இந்த முறை அது இயல்பு அல்ல.

1991-இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்தது. கந்தக வாயு மேலே போய் நுண்ணிய அமிலத் துளிகளாயிற்று. ஏற்கெனவே நாம் அனுப்பியிருந்த குளோரின், அந்தத் துளிகளின் மேல் வீரியம் பெற்று ஓசோனை மேலும் அழித்தது. எரிமலையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, பார்த்தீர்களா? அந்தக் குறைவை அளந்து சொன்னவற்றுள் டாப்சனின் கருவிகளும் இருந்தன.