ஜோசையா வெட்ஜ்வுட்

ஜோசையா வெட்ஜ்வுட் (1730 – ஜனவரி 3, 1795) இங்கிலாந்தைச் சேர்ந்த மட்பாண்டக் கலைஞரும் தொழிலதிபரும் ஆவார். குடும்பக் கைத்தொழிலாக இருந்த மட்பாண்டம் செய்தலை, அறிவியல் சோதனை, தொழிற் பகுப்பு, செலவுக் கணக்கு, திட்டமிட்ட விற்பனை ஆகியவற்றின் துணையுடன் இலாபம் தரும் ஆலைத் தொழிலாக மாற்றியவர்களுள் இவர் முதன்மையானவர். உயர்வெப்பத்தை அளக்கும் கருவி ஒன்றை உருவாக்கியதற்காக அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடிமை வணிக எதிர்ப்பு இயக்கத்திலும் பங்கு கொண்டார். படிவளர்ச்சிக் கொள்கையை முன்வைத்த சார்லஸ் டார்வின் இவரது மகள் வயிற்றுப் பேரன் ஆவார்.

இளமைக்காலம்

வெட்ஜ்வுட் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் மாவட்டத்திலுள்ள பர்ஸ்லெம் என்னும் ஊரில் பிறந்தார். இவருக்கு 1730 ஆம் ஆண்டு ஜூலை 12 ஆம் நாள் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. பல குழந்தைகள் கொண்ட குடும்பத்தில் இவரே கடைக்குட்டி. இவரது குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாக மட்பாண்டத் தொழில் செய்து வந்தவர்கள். 1739 இல் தந்தை இறந்தபின் பள்ளிப் படிப்பு நின்றது. குடும்பத் தொழிற்கூடத்தை ஏற்று நடத்திய மூத்த அண்ணன் தாமஸிடம் இவர் வேலை பழகினார். 1744 இல் ஐந்தாண்டு காலத்துக்கு முறைப்படி தொழில் பயிலுநராக ஒப்பந்தம் செய்யப்பட்டார்.

சிறுவயதில் கண்ட பெரியம்மை இவரது வலது முழங்காலை நிலையாகப் பாதித்தது. குயவர் சக்கரத்தைக் காலால் இயக்குவது இதனால் கடினமாயிற்று. எனவே மண் கலவை, மெருகுப்பூச்சு, பாண்டங்களின் வடிவமைப்பு ஆகியவற்றில் இவரது கவனம் திரும்பியது. நோயுற்ற கால் பல ஆண்டுகள் தொல்லை கொடுத்ததால் 1768 மே மாதம் அது வெட்டி நீக்கப்பட்டது. மயக்க மருந்து இல்லாத காலம் அது. அதன்பின் மரக்காலுடனேயே வாழ்ந்தார்.

சோதனைகளும் முதல் தொழிற்கூடமும்

1754 இல் அக்காலத்தின் புகழ்பெற்ற மட்பாண்டக் கலைஞரான தாமஸ் வீல்டனுடன் வெட்ஜ்வுட் கூட்டுச் சேர்ந்தார். புதிய மெருகுப்பூச்சுகளை உருவாக்கும் வாய்ப்பு அங்கே கிடைத்தது. 1759 இல் தன் சோதனைகளைக் குறிப்பேட்டில் வரிசையாகப் பதிவு செய்யத் தொடங்கினார். ஒவ்வொரு மாதிரித் துண்டுக்கும் எண் இட்டு, அதன் கலவையையும் சூளையில் அது வைக்கப்பட்ட இடத்தையும் எழுதி வைத்தார். பிறர் படித்து அறியாதவாறு கலவைப் பொருட்களைக் குறியீடுகளால் குறித்தார். காலப்போக்கில் இச்சோதனைகளின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் பெருகியது.

தொழில் நுணுக்கம் தந்தையிடமிருந்து மகனுக்குக் கைப்பழக்கமாகவே வந்து சேர்ந்த காலத்தில் இம்முறை புதுமையானதாகும். ஒரு சூளை ஏன் கெட்டது, மற்றொன்று ஏன் நன்றாக வந்தது என்பதை ஊகிக்காமல் பதிவேட்டைப் பார்த்து அறிய இது வழி செய்தது.

1759 இலேயே பர்ஸ்லெமில் ஐவி ஹவுஸ் என்னும் சிறு தொழிற்கூடத்தை உறவினரிடம் வாடகைக்கு எடுத்துத் தனியாகத் தொழில் தொடங்கினார். பின்னர் அதே ஊரில் பிரிக் ஹவுஸ் என்னும் பெரிய இடத்துக்கு மாறினார். வேலையாட்களை அழைக்க அங்கே மணி அடிக்கப்பட்டதால் அவ்விடம் மணித் தொழிற்கூடம் என்று பெயர் பெற்றது. 1764 இல் தூரத்து உறவினரான சேரா வெட்ஜ்வுட்டை மணந்தார்.

அரசியின் பாண்டம்

வெட்ஜ்வுட்டின் முதல் பெரிய வணிக வெற்றி இளமஞ்சள் நிறப் பாண்டம் ஆகும். இவ்வகைப் பாண்டம் முன்பே ஸ்டாஃபர்ட்ஷயரில் செய்யப்பட்டு வந்தது. வெட்ஜ்வுட் அதன் நிறத்தையும் மெருகையும் சீராக்கினார். எடை குறைந்ததாகவும், சுடுநீர் ஊற்றினாலும் எளிதில் வெடிக்காததாகவும், சீனப் பீங்கானைவிட மலிவானதாகவும் அது இருந்தது. 1765 இல் அரசி சார்லெட்டுக்காகத் தேநீர்ப் பாண்டத் தொகுதி ஒன்றைச் செய்து கொடுத்தார். அடுத்த ஆண்டு அரசியின் மட்பாண்டக் கலைஞர் என்னும் பட்டத்தைப் பெற்றார். அதன்பின் இப்பாண்டம் அரசியின் பாண்டம் என்னும் பெயரிலேயே விற்கப்பட்டது. உயர்குடியினர் பயன்படுத்துவதை நடுத்தர மக்களும் வாங்க விரும்புவர் என்பதை இவர் நன்கு உணர்ந்திருந்தார்.

1762 இல் லிவர்பூலில் வணிகர் தாமஸ் பென்ட்லியைச் சந்தித்தது இவரது வாழ்வில் ஒரு திருப்பமாகும். பென்ட்லி கல்வியும் பழந்தொல்பொருட்கள் பற்றிய அறிவும் மிக்கவர். 1769 இல் அலங்காரப் பாண்டங்களுக்காக இருவரும் கூட்டு நிறுவனம் தொடங்கினர். வெட்ஜ்வுட் உற்பத்தியைக் கவனிக்க, பென்ட்லி இலண்டனில் இருந்து விற்பனையைக் கவனித்தார். 1780 இல் பென்ட்லி இறக்கும் வரை இந்நட்பு நீடித்தது.

கால்வாயும் எட்ரூரியா ஆலையும்

அக்காலத்தில் ஸ்டாஃபர்ட்ஷயரின் சாலைகள் மோசமாக இருந்தன. களிமண்ணும் சக்கிமுக்கிக் கல்லும் தொலைவிலிருந்து வர வேண்டியிருந்தது. செய்து முடித்த பாண்டங்கள் பொதி குதிரைகளின் முதுகில் சென்றதால் வழியிலேயே உடைந்தன. இதற்குத் தீர்வாகத் திரென்ட், மெர்சி ஆறுகளை இணைக்கும் கால்வாய்த் திட்டத்தை வெட்ஜ்வுட் முன்னின்று ஆதரித்தார். 1766 இல் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. வெட்ஜ்வுட் அத்திட்டத்தின் பொருளாளராகப் பணியாற்றினார். பொறியாளர் ஜேம்ஸ் பிரின்ட்லி தொடங்கிய இக்கால்வாய் அவரது மறைவுக்குப் பின் 1777 இல் நிறைவுற்றது. இதன் நீளம் சுமார் 150 கிலோமீட்டர் ஆகும்.

கால்வாய் செல்லவிருந்த வழியில் நிலம் வாங்கி, அங்கே எட்ரூரியா என்னும் புதிய ஆலையை வெட்ஜ்வுட் அமைத்தார். இது 1769 ஜூன் 13 அன்று திறக்கப்பட்டது. அன்று வெட்ஜ்வுட் தன் கையால் பூச்சாடிகளை வனைய, பென்ட்லி சக்கரத்தைச் சுழற்றினார்.

எட்ரூரியாவில் பயன்பாட்டுப் பாண்டங்களும் அலங்காரப் பாண்டங்களும் தனித்தனிப் பகுதிகளில் செய்யப்பட்டன. வனைதல், கடைதல், கைப்பிடி பொருத்துதல், மெருகிடுதல், சுடுதல், வண்ணம் தீட்டுதல் என ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பயிற்சி பெற்றவர்கள் இருந்தனர். முன்பு ஒரே குயவர் பல வேலைகளையும் மாறி மாறிச் செய்து வந்தார். நேரம் தவறாமை, தூய்மை, மது அருந்தாமை ஆகியவற்றுக்கு எழுத்து வடிவில் விதிகள் வகுக்கப்பட்டன. வேலைக்கு வரும் நேரம் பதிவு செய்யப்பட்டது. 1790 அளவில் ஆண்கள், பெண்கள், சிறுவர் என ஏறத்தாழ 280 பேர் இங்கு வேலை செய்தனர். குறைபாடுள்ள பாண்டங்களை வெட்ஜ்வுட் தன் மரக்காலாலேயே உடைத்து எறிவார் என்றொரு செவிவழிச் செய்தியும் உண்டு.

1772 ஆம் ஆண்டு நெருக்கடியும் செலவுக் கணக்கும்

எட்ரூரியா தொடங்கி மூன்று ஆண்டுகளில் நிறுவனம் பெரும் சோதனைக்கு உள்ளானது. 1772 இல் இலண்டனில் ஒரு வங்கி நிறுவனம் வீழ்ந்ததைத் தொடர்ந்து பிரித்தானியா முழுவதும் கடன் நெருக்கடி பரவியது. வாங்குவோர் குறைந்தனர். விற்காத சாடிகள் கிடங்கில் குவிந்தன. விற்பனை நன்றாக நடந்து வந்தபோதும் கையில் பணம் போதாமல் இருந்தது ஏன் என்பதும் புதிராக இருந்தது. விலையைக் குறைத்தால் விற்பனை கூடலாம். ஆனால் எவ்வளவு குறைத்தால் இழப்பு ஏற்படும் என்பதை அறிய வழியில்லை. ஒரு சாடியைச் செய்வதற்கு உண்மையில் ஆகும் செலவு எவ்வளவு என்பது தெரிந்திருக்கவில்லை.

வெட்ஜ்வுட் ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு நிலையிலும் ஆகும் செலவைக் கணக்கிடத் தொடங்கினார். மண், கூலி, எரிபொருள் ஆகியவற்றோடு வாடகை, எழுத்தர் சம்பளம், அச்சுகள், கிடங்கு, விற்பனைச் செலவு, உடைந்து வீணாவது ஆகியவற்றையும் சேர்த்தார். இதிலிருந்து ஒரு முக்கிய உண்மை புலப்பட்டது. செலவுகளில் ஒரு பகுதி, செய்யும் பொருட்களின் எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் மாறாமல் நிற்கிறது. எடுத்துக்காட்டாக, ஒரு வடிவத்துக்கான அச்சுக்கும் மேற்பார்வைக்கும் 100 பவுண்டு செலவாகிறது எனக் கொள்வோம். அவ்வடிவத்தில் 100 சாடிகள் செய்தால் ஒவ்வொன்றின் மீதும் ஒரு பவுண்டு ஏறும். 400 சாடிகள் செய்தால் கால் பவுண்டு மட்டுமே ஏறும். எனவே சில வடிவங்களைத் தேர்ந்தெடுத்து அதிக எண்ணிக்கையில் செய்வது இலாபகரமானது என அவர் முடிவு செய்தார். இன்று மேலாண்மைப் பாடங்களில் நிலையான செலவு, மாறும் செலவு என்று பிரித்துக் கற்பிக்கப்படுவது இதுவே.

கணக்குகளை ஆராய்ந்தபோது இலண்டன் அலுவலகத்தில் பணம் கையாடப்பட்டதும் வெளிப்பட்டது. அதன்பின் வாரந்தோறும் கணக்குச் சரிபார்க்கும் முறை கொண்டுவரப்பட்டது. கணக்கின் துணையுடன் சில பொருட்களின் விலை குறைக்கப்பட்டு, நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டும் நிலைக்கு வந்தது. அச்சமயத்தில் பல மட்பாண்ட நிறுவனங்கள் தள்ளாடியபோதிலும் வெட்ஜ்வுட்டின் நிறுவனம் நெருக்கடியைக் கடந்து வளர்ந்தது.

விற்பனை முறைகள்

இலண்டனில் காட்சிக்கூடம் அமைத்து, உணவு மேசைகளின் மீது பாண்டத் தொகுதிகளைப் பரப்பி வைத்துக் காட்டும் வழக்கத்தை வெட்ஜ்வுட் பின்பற்றினார். விற்பனைப் பட்டியல் நூல்களை வெளியிட்டு, பின்னர் அவற்றைப் பிற ஐரோப்பிய மொழிகளிலும் அச்சிட்டார். பாண்டங்களில் நிறுவனத்தின் பெயர் முத்திரையாகப் பதிக்கப்பட்டது. ஜெர்மானியச் சிற்றரசர்களுக்கும் பிரபுக்களுக்கும் அவர்கள் கேட்காமலேயே பொருட்களை அனுப்பி விலை கோரும் துணிச்சலான முயற்சியையும் மேற்கொண்டார்.

உருசியப் பேரரசி இரண்டாம் கத்தரீனுக்காக 1773–74 இல் 952 பாண்டங்கள் கொண்ட ஒரு தொகுதி செய்யப்பட்டது. இவற்றில் பிரித்தானியாவின் இயற்கைக் காட்சிகளும் மாளிகைகளும் கையால் தீட்டப்பட்டன. ஒவ்வொரு பாண்டத்திலும் பச்சைத் தவளைச் சின்னம் இருந்ததால் இது தவளைத் தொகுதி என அழைக்கப்படுகிறது. அனுப்பும் முன் இலண்டனில் இது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. செலவு மிகுந்ததால் நேரடி இலாபம் குறைவு எனினும், கிடைத்த விளம்பரம் பெரிது.

அறிவியல் பணிகள்

கறுப்பு நிற பசால்ட் பாண்டத்தை 1768 அளவிலும், ஜாஸ்பர் எனப்படும் பாண்டத்தை 1770களின் நடுப்பகுதியிலும் வெட்ஜ்வுட் உருவாக்கினார். வெளிர்நீலப் பின்னணியில் வெண்ணிறப் புடைப்பு உருவங்கள் கொண்ட ஜாஸ்பர் பாண்டம் இன்றும் இவரது பெயரை நினைவூட்டுவதாகும். சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் இதற்காகப் பல உருவங்களை வடிவமைத்தார். பழைய உரோமானியக் கண்ணாடிப் பாத்திரமான போர்ட்லண்ட் சாடியின் படியை ஜாஸ்பரில் செய்ய இவருக்குப் பல ஆண்டு உழைப்புத் தேவைப்பட்டது. அது 1789–90 இல் வெற்றி பெற்றது.

சூளையின் வெப்பம் அக்காலத்தில் நெருப்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே மதிப்பிடப்பட்டது. சுடும்போது களிமண் சுருங்கும் என்பதைப் பயன்படுத்தி வெட்ஜ்வுட் ஓர் உயர்வெப்பமானியை உருவாக்கினார். ஒரே அளவிலான சிறு களிமண் துண்டுகளைச் சூளையில் இட்டு, ஆறியபின் படிப்படியாகக் குறுகும் காடியில் செருகினால், அது எவ்வளவு தூரம் செல்கிறது என்பதைக் கொண்டு வெப்பத்தை ஒப்பிடலாம். 1782 இல் இக்கருவியைப் பற்றி அரச கழகத்துக்குத் தெரிவித்தார். 1783 இல் அதன் உறுப்பினரானார். இவரது அளவீடுகள் உண்மையான வெப்பநிலையைவிட மிக அதிகமாகக் காட்டின என்பது பின்னர் அறியப்பட்டது. எனினும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு வெப்பத்தைப் பெறுவதற்கு இக்கருவி உதவியது.

பர்மிங்காமைச் சுற்றி இயங்கிய சந்திரக் கழகத்தினரான எராஸ்மஸ் டார்வின், மாத்தியூ போல்ட்டன், ஜேம்ஸ் வாட், ஜோசப் பிரீஸ்ட்லி ஆகியோருடன் நட்புக் கொண்டிருந்தார். 1780களில் போல்ட்டன்-வாட் நிறுவனத்தின் நீராவிப் பொறி எட்ரூரியாவில் நிறுவப்பட்டது.

சமூகப் பணியும் விமரிசனமும்

1787 இல் அடிமை வணிக ஒழிப்புக்கான சங்கம் தொடங்கப்பட்டபோது வெட்ஜ்வுட் அதில் பங்கு கொண்டார். விலங்கிடப்பட்டு மண்டியிட்ட ஆப்பிரிக்கர் ஒருவரின் உருவம் பொறித்த பதக்கத்தைத் தன் ஆலையில் செய்து விநியோகித்தார். 1788 இல் அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்ளினுக்கும் இவற்றை அனுப்பினார். மக்கள் இவற்றை அணிகலன்களில் பதித்து அணிந்ததால் இவ்வுருவம் இயக்கத்தின் சின்னமாகப் பரவியது.

வேலையாட்களுக்கு வீடுகள் கட்டிக் கொடுத்ததும், நோயுற்றோருக்கான உதவி நிதியை ஆதரித்ததும் இவரது நற்பணிகளாகக் குறிப்பிடப்படுகின்றன. எனினும், கடுமையான ஆலை ஒழுங்கு, சிறுவர் உழைப்பு, ஈயம் கலந்த மெருகுப்பூச்சாலும் கல் தூசியாலும் தொழிலாளருக்கு ஏற்பட்ட நோய்கள் ஆகியவை அக்காலத் தொழிலின் இருண்ட பக்கங்களாகும். எட்ரூரியாவும் இவற்றுக்கு விலக்கல்ல. 1783 இல் உணவு விலை உயர்வால் எட்ரூரியாவில் கலகம் மூண்டது. அது படையினரால் அடக்கப்பட்டு, ஒருவர் தூக்கிலிடப்பட்டார். வெட்ஜ்வுட் கலகத்தைக் கண்டித்துச் சிறுநூல் ஒன்றை எழுதி வெளியிட்டார்.

மறைவும் மரபும்

1795 ஜனவரி 3 அன்று எட்ரூரியாவில் வெட்ஜ்வுட் காலமானார். பெரும் செல்வத்தை விட்டுச் சென்றார். நிறுவனத்தை மகன் இரண்டாம் ஜோசையா தொடர்ந்து நடத்தினார். மற்றொரு மகன் தாமஸ், ஒளிப்படக் கலையின் தொடக்ககாலச் சோதனைகளுக்காக அறியப்படுகிறார். மகள் சுசானாவின் மகனே சார்லஸ் டார்வின்.

1940 அளவில் உற்பத்தி பார்லஸ்டன் என்னும் இடத்துக்கு மாற்றப்பட்டது. 1980களில் வாட்டர்ஃபோர்ட் கண்ணாடி நிறுவனத்துடன் இணைந்த பின்னர், 2009 ஜனவரியில் நிறுவனம் நொடித்து நிர்வாகிகளின் பொறுப்பில் விடப்பட்டது. ஓய்வூதியக் கடனுக்காக விற்கப்படும் நிலையில் இருந்த வெட்ஜ்வுட் அருங்காட்சியகத் தொகுப்பு, 2014 இல் பொதுமக்கள் நன்கொடை உள்ளிட்ட நிதியால் காப்பாற்றப்பட்டது. 2015 இல் பின்லாந்தின் ஃபிஸ்கார்ஸ் குழுமம் இந்நிறுவனத்தை வாங்கியது. வெட்ஜ்வுட்டின் சோதனைக் குறிப்பேடுகளும் எண்ணிடப்பட்ட மாதிரித் துண்டுகளும் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.