விற்கத் தெரியாதவர் கட்டிய ஆயிரம் கடைகள்: ஃபிராங்க் வூல்வொர்த்தின் எழுச்சியும் வீழ்ச்சியும்

மாதச் சம்பளம் வந்ததும் ஒரு தள்ளுபடிக் கடைக்குள் நுழைகிறீர்கள். கூடையை எடுக்கிறீர்கள். என்ன வேண்டும் என்று யாரும் வந்து கேட்பதில்லை. பொருளை நீங்களே தொட்டுப் பார்க்கிறீர்கள், விலை அதிலேயே ஒட்டியிருக்கிறது, பேரம் பேச வழியில்லை. ஒரு சாமான் வாங்கப் போய் ஏழு சாமானோடு வெளியே வருகிறீர்கள்.

இதெல்லாம் ரொம்ப சாதாரணம்னு உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் இப்படிக் கடை நடத்தும் முறையை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் முக்கியமானவர், கவுண்டரில் நின்று ஒரு பொருளை விற்கவே திணறிய ஒரு அமெரிக்க விவசாயி மகன். பெயர் ஃபிராங்க் வின்ஃபீல்ட் வூல்வொர்த். 1919-ல் அவர் இறந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் அவர் பெயரில் இருந்தன. 1997-ல் அமெரிக்காவில் அந்தப் பெயர்ப்பலகை மொத்தமாக இறக்கப்பட்டது.

இடையில் என்ன நடந்தது? அவர் வாழ்க்கையிலிருந்தே பார்ப்போம்.

மூன்று மாதம் சம்பளமே இல்லை

வூல்வொர்த் பிறந்தது 1852 ஏப்ரல் 13 அன்று, நியூயார்க் மாநிலத்தின் வடக்கே உள்ள ராட்மன் என்ற சிற்றூரில். வீட்டில் விவசாயம். பனி கொட்டும் குளிரில் நிலத்தில் உழைப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. கடையில் வேலை பார்க்க வேண்டும் என்பதுதான் சின்ன வயதிலிருந்தே ஆசை.

1873-ல், 20 வயதில், பக்கத்து நகரமான வாட்டர்டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் சேர்ந்தார். முதல் மூன்று மாதம் சம்பளம் கிடையாது. இன்றைய மொழியில் சொன்னால், ஊதியமில்லாத இன்டர்ன்ஷிப்.

அந்தக் காலத்துக் கடைகளில் சரக்கு பெரும்பாலும் கவுண்டருக்குப் பின்னால்தான் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டும், கடைப்பையன் எடுத்துக் காட்ட வேண்டும், பேசி உங்களை வாங்க வைக்க வேண்டும். அந்தப் பேச்சு வூல்வொர்த்துக்கு வரவில்லை. அவர் நன்றாகச் செய்த வேலை, ஜன்னலில் சரக்கை அழகாக அடுக்கி வைப்பது. பிறகு வேறொரு கடையில் வாரம் 10 டாலருக்குச் சேர்ந்தார். விற்பனை சரியில்லை என்று அங்கே சம்பளத்தை 8 டாலராகக் குறைத்தார்கள். உடம்பும் மனசும் கெட்டு ஊருக்கே திரும்பிப் போனார். 1876-ல் ஜென்னி கிரெய்டனைத் திருமணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டு பழைய முதலாளியிடமே மறுபடி வேலைக்குச் சேர்ந்தார்.

ஒரு மேசை, ஐந்து சென்ட்

1878-ல் அந்தக் கடையில் ஒரு சோதனை நடந்தது. நடுவில் ஒரு மேசையைப் போட்டு, அதில் சின்னச் சின்ன சாமான்களைப் பரப்பி, எதை எடுத்தாலும் 5 சென்ட் என்று எழுதி வைத்தார்கள். 100 சென்ட் சேர்ந்தால்தான் ஒரு டாலர். ஒரே நாணயத்தில் வாங்கிவிடக்கூடிய விலை அது. மேசை சீக்கிரமே காலியானது.

இந்த யோசனை வூல்வொர்த்துடையது இல்லை. வேறு ஊர்களில் ஏற்கெனவே சிலர் செய்துகொண்டிருந்தார்கள். நிலையான விலை என்பதும் பெரிய நகரக் கடைகளில் அப்போதே இருந்தது. ஆனால் அந்த மேசைக்கு முன்னால் நின்ற வூல்வொர்த்துக்கு ஒன்று புரிந்தது: இங்கே விற்பனையாளரின் வாய்ஜாலத்துக்கு வேலையே இல்லை. மேசையே விற்கிறது. தனக்கு வராத திறமை தேவைப்படாத ஒரு கடையை அவர் அதில் பார்த்தார். அப்படியானால் முழுக் கடையையும் ஏன் அந்த மேசை மாதிரியே வைக்கக்கூடாது?

முதலாளி மூர் சுமார் 300 டாலர் மதிப்புள்ள சரக்கைக் கடனாகக் கொடுத்தார். 1879 பிப்ரவரியில் யூட்டிகா நகரில் முதல் கடை திறந்தது. சில மாதங்களில் மூடவேண்டி வந்தது.

அதே ஆண்டு ஜூன் 21 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் லங்காஸ்டரில் இரண்டாவது முயற்சி. முதல் நாள் விற்பனை சுமார் 127 டாலர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு பொருள் 5 சென்ட் என்றால், அன்று ஒரே நாளில் 2,500க்கும் மேல் பொருள்கள் கைமாறியிருக்கின்றன.

உடனே ஹாரிஸ்பர்க், யார்க் என்று அடுத்தடுத்து இரண்டு கடை திறந்தார். இரண்டும் நிலைக்கவில்லை. 1880-ல் தம்பி சார்லஸைக் கூட்டிக்கொண்டு ஸ்க்ரான்டனில் திறந்த கடை நிலைத்தது. அதாவது முதல் ஐந்து கடைகளில் மூன்று மூடப்பட்டவை. வெற்றிக்கதைகளில் இந்தக் கணக்கை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

இவ்வளவு மலிவாக எப்படி முடிந்தது?

பட்டியலில் 10 சென்ட் பொருள்களும் சேர்ந்தன. விலைக்கு மேல்வரம்பு போட்டுவிட்டால், லாபம் பார்க்க ஒரே வழி செலவைக் குறைப்பதுதான். அதை வூல்வொர்த் மூன்று வழிகளில் செய்தார்.

முதலாவது, கொள்முதல். இடையில் இருக்கும் மொத்த வியாபாரிகளை விட்டுவிட்டு, உற்பத்தியாளரிடமே போனார். 1890-லிருந்து ஐரோப்பாவுக்கே கப்பலேறிப் போய் சரக்கு பிடித்தார். ஜெர்மனியில் குடிசைத் தொழிலாகக் கண்ணாடியை ஊதிச் செய்த கிறிஸ்துமஸ் மர அலங்காரங்கள் அமெரிக்க வீடுகளுக்குள் பரவியதில் இவர் கடைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டாவது, எண்ணிக்கை. பத்துக் கடைக்கு வாங்குபவரைவிட நூறு கடைக்கு வாங்குபவருக்கு விலை குறையும். கடை கூடக் கூட சரக்கு மலிவாகும், சரக்கு மலிவானால் இன்னும் கடை திறக்கலாம்.

மூன்றாவது, சம்பளம். இங்கேதான் கதை கொஞ்சம் கசக்கிறது. பொருளைப் பற்றிப் பேசத் தெரிந்த, அனுபவமுள்ள விற்பனையாளர் இந்தக் கடைக்குத் தேவையில்லை. பொட்டலம் கட்டி காசு வாங்க ஒரு ஆள் போதும். அதனால் பெரும்பாலும் இளம்பெண்களை, வாரம் இரண்டு மூன்று டாலருக்கு வேலைக்கு வைத்தார்கள். வாரம் 3 டாலர் என்றால், அந்தக் கடையிலேயே 60 பொருள் வாங்கும் காசு. அவ்வளவுதான். மலிவான ஆள் இல்லாமல் மலிவான விலை இல்லை என்பதை வூல்வொர்த் மறைக்கவும் இல்லை, தன் மேலாளர்களுக்கு வெளிப்படையாகவே எழுதினார்.

ஊழியர்களின் அதிருப்தி அவருக்குத் தெரியாமலும் இல்லை. 1899-ல் கிறிஸ்துமஸ் போனஸ் கொண்டுவந்தார்: வேலை பார்த்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 5 டாலர், உச்சவரம்பு 25 டாலர். வியாபாரம் சூடுபிடிக்கும் பண்டிகை நேரத்தில் யாரும் வேலையை விட்டுப் போகாமல், வேலைநிறுத்தமும் வராமல் பார்த்துக்கொள்ள அது உதவியது.

விற்கத் தெரியாதவன் என்று தன் சம்பளத்தில் 2 டாலர் வெட்டப்பட்டவர்தான் இவர். அந்தத் திறமையே தேவைப்படாத கடையைக் கட்டினார். கட்டி முடித்ததும், அங்கே நின்று வேலை பார்ப்பவருக்குக் கூடுதல் சம்பளம் கேட்க இருந்த காரணமும் காணாமல் போனது.

உச்சம்

1909-ல் இங்கிலாந்தின் லிவர்பூலில் முதல் பிரிட்டிஷ் கடை. 1912-ல் தம்பி சார்லஸ், பழைய முதலாளி மூர் உட்பட ஐந்து பேர் தனித்தனியாக நடத்திவந்த கடைகள் எல்லாம் இவருடையதோடு ஒன்றாக இணைந்தன. மொத்தம் 596 கடைகள், 6.5 கோடி டாலர் மூலதனம். 300 டாலர் சரக்கைக் கடன் கொடுத்த அதே மூர், இப்போது வூல்வொர்த் பெயரிலான நிறுவனத்தில் ஒரு பங்காளி.

1913-ல் நியூயார்க்கில் 792 அடி உயர வூல்வொர்த் கட்டடம் திறக்கப்பட்டது. திறப்பு விழாவில் அதிபர் உட்ரோ வில்சன் வாஷிங்டனில் ஒரு பொத்தானை அழுத்த, இங்கே விளக்குகள் எரிந்தன. செலவு 1.35 கோடி டாலர். கடன் வாங்காமல், கைப்பணத்திலேயே கட்டினார். 1930 வரை உலகின் உயரமான கட்டடம் அதுதான்.

கடைசி நாட்கள் அவ்வளவு பிரகாசமாக இல்லை. மனைவி ஜென்னியின் நினைவு மங்கிவிட்டது. 1917-ல் ஒரு மகள் இறந்தார். பல் மருத்துவர் என்றாலே வூல்வொர்த்துக்குப் பயம். சிகிச்சை எடுக்காத பல்லில் வந்த தொற்று உடம்பில் பரவி, 1919 ஏப்ரல் 8 அன்று, 67-வது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் முன்பு இறந்துபோனார். புது உயிலில் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. 1889-ல் எழுதிய பழைய உயில்தான் செல்லுபடியானது. அதன்படி மொத்தச் சொத்தும், அதை நிர்வகிக்கும் நிலையில் இல்லாத ஜென்னிக்குப் போனது.

அவருக்குப் பிறகு கடைகள் என்ன ஆயின?

முதலில் போனது அந்த விலை. விலைவாசி ஏறும் உலகத்தில் 5, 10 சென்ட் என்ற கோடு நிற்கவில்லை. 1932-ல் 20 சென்ட் வரை என்று தளர்த்தினார்கள், 1935-ல் வரம்பையே எடுத்துவிட்டார்கள்.

அடுத்து, கவுண்டருக்குப் பின்னால் இருந்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள். 1937 பிப்ரவரி 27 அன்று டெட்ராய்ட் கிளையில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு கடைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு வாரம் அங்கேயே சாப்பாடு, தூக்கம். கடைசியில் ஜெயித்தார்கள். கிடைத்த சம்பள உயர்வு எவ்வளவு தெரியுமா? மணிக்கு 5 சென்ட்.

1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ கிளையில் நான்கு கறுப்பின மாணவர்கள் உணவுக் கவுண்டரில் உட்கார்ந்தார்கள். கடையில் சாமான் வாங்க அவர்களுக்குத் தடையில்லை, ஆனால் உட்கார்ந்து சாப்பிட வெள்ளையர்களுக்கு மட்டுமே இடம். போராட்டம் பல நகரங்களுக்குப் பரவியது. ஜூலையில் அந்தக் கவுண்டர் எல்லோருக்கும் திறந்தது.

வியாபாரத்தில் பெரிய அடி 1962-ல் ஆரம்பித்தது. அதே ஓராண்டில் கேமார்ட், வால்மார்ட், டார்கெட் மூன்றும் தொடங்கின. வூல்வொர்த்தும் சும்மா இருக்கவில்லை, அதே ஆண்டு வூல்கோ என்ற பெரிய தள்ளுபடிக் கடையைத் திறந்தது. கார் வாங்கிய குடும்பங்கள் நகர மையத்தை விட்டுப் புறநகருக்குக் குடிபோய்க்கொண்டிருந்த காலம் அது. பழைய வூல்வொர்த் கடைகளோ நகர மையத்தில், வாகனம் நிறுத்த இடமில்லாமல், சின்னதாக நின்றன.

கேமார்ட்டைத் தொடங்கியது வூல்வொர்த்தின் பழைய போட்டியாளரான கிரெஸ்கி நிறுவனம். அது தன் பழைய கடைகளை ஓரங்கட்டிவிட்டு முழு மூச்சாகப் புதியதில் இறங்கியது. வூல்வொர்த் பழையதையும் விடவில்லை, புதியதிலும் முழுசாக இறங்கவில்லை. 1982-ல் அமெரிக்காவின் 336 வூல்கோ கடைகளையும் மூடுவதாக அறிவித்தது. 1994-ல் கனடாவில் இருந்த 122 வூல்கோ கடைகளை வாங்கியது யார்? வால்மார்ட்.

வால்மார்ட்டின் சாம் வால்டன் தொழில் கற்றதும் ஒரு 5 சென்ட், 10 சென்ட் கடையில்தான். 1945-ல் ஆர்கன்சாவில் பென் ஃபிராங்க்ளின் என்ற அத்தகைய சங்கிலியின் ஒரு கிளையை எடுத்து நடத்தினார். தனித்திறமை தேவைப்படாத முறை என்றால், அதை யாரும் கற்றுக்கொள்ளலாம், நகலெடுக்கலாம், இன்னும் மலிவாகச் செய்யலாம். வூல்வொர்த்தை உயர்த்தியதும் அதுதான், சாய்த்ததும் அதுதான்.

1997 மார்ச்சில் டவ் ஜோன்ஸ் பங்குக் குறியீட்டிலிருந்து வூல்வொர்த் நீக்கப்பட்டது. அன்று உள்ளே வந்தவற்றில் ஒன்று வால்மார்ட். ஜூலையில், மீதமிருந்த 400-க்கும் மேற்பட்ட கடைகளை மூடும் அறிவிப்பு வந்தது. சுமார் 9,200 பேருக்கு வேலை போனது. தனி நிறுவனமாகிவிட்ட பிரிட்டிஷ் வூல்வொர்த்ஸ் 2009 ஜனவரியில் கடைசிக் கதவைச் சாத்தியது. அங்கே மூடப்பட்டவை 807 கடைகள்.

தாய் நிறுவனம் செத்துப் போகவில்லை. 1970-களில் அது ஆரம்பித்த காலணிக் கடைதான் ஃபுட் லாக்கர். கடைசியில் அந்தப் பெயரையே தனக்கும் வைத்துக்கொண்டது. ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நீங்கள் பார்க்கும் வூல்வொர்த்ஸ் கடைகளுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தமில்லை, பெயர் மட்டும்தான் ஒன்று.

நியூயார்க் கட்டடம் இன்னும் நிற்கிறது. 1998-ல் அதையும் விற்றுவிட்டார்கள். மேல்மாடிகள் இப்போது சொகுசு வீடுகள். கீழே முகப்புக்கூடத்தில் வூல்வொர்த்தின் கேலிச் சிலை ஒன்று இருக்கிறது: குனிந்து உட்கார்ந்து சில்லறைக் காசை எண்ணிக்கொண்டிருக்கிறார். அடுத்த முறை ஒரு பொருளின் விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், பில் போடும் கவுண்டரில் நிற்பவரை ஒரு நிமிடம் பாருங்கள். அந்த விலையில் ஒரு பங்கை அவரும் கொடுத்துக்கொண்டிருக்கலாம்.