வாசலுக்கு வந்த மூவர்: டொக்டர் ஐடா ஸ்கடரின் வாழ்வும் பணியும்

மனிதர் வகுக்கும் திட்டங்கள் எல்லாம் எண்ணியவாறே நிறைவேறுவதில்லை. நோய், பயணத் தடை, நெருங்கியவரின் மறைவு என ஏதோவொன்று குறுக்கே வந்து நிற்கின்றது. அதனை இடையூறு என்று ஒதுக்கிவிட்டு வந்த வழியே செல்ல முனைவோர் பலர். அங்கே இறைவன் தம்மிடம் எதை எதிர்பார்க்கின்றார் என்று செவிமடுப்போர் சிலர். அச்சிலருள் ஒருவர், தமிழகத்தின் வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய டொக்டர் ஐடா ஸ்கடர் ஆவார்.

ஸ்கடர் குடும்பத்தின் கீழைத்தேயப் பணி இலங்கையிலேயே ஆரம்பமானது. ஐடாவின் பாட்டனாரான டொக்டர் ஜோன் ஸ்கடர் 1819ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு வந்து, யாழ்ப்பாணத்தின் பண்டத்தரிப்பில் வைத்தியப் பணியும் சமயப் பணியும் புரிந்தவர். பின்னர் 1836இல் அவர் சென்னைக்குச் சென்றார். அவருடைய புதல்வர்கள் தென்னிந்தியாவில் அப்பணியைத் தொடர்ந்தனர். அவர்களுள் ஒருவரான, தந்தையின் பெயரையே தாங்கிய டொக்டர் ஜோன் ஸ்கடரின் மகளாக ஐடா 1870 டிசம்பர் 9ஆம் திகதி இராணிப்பேட்டையில் பிறந்தார்.

இத்தகைய குடும்பத்தில் பிறந்த பெண் குடும்ப வழியிலேயே செல்வார் என்று உற்றார் எதிர்பார்த்தனர். ஐடாவின் உள்ளமோ அதற்கு மாறாக இருந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தில், பசியால் வாடிய பிள்ளைகளைக் குழந்தைப் பருவத்திலேயே கண்டவர் அவர். பெற்றோர் பணியின் நிமித்தம் இந்தியா திரும்பியபோது, அமெரிக்காவில் தனித்து விடப்பட்ட துயரையும் அனுபவித்தார். ஆகவே அமெரிக்காவிலேயே திருமணம் செய்து வசதியாக வாழ்வதே அவரது விருப்பமாக இருந்தது.

1890ஆம் ஆண்டில் தாயார் நோயுற்றிருப்பதாகச் செய்தி கிடைத்தது. படிப்பை முடித்திருந்த ஐடா, தாயாரைச் சிறிது காலம் பராமரித்துவிட்டுத் திரும்பும் எண்ணத்துடன் திண்டிவனத்துக்கு வந்தார். அங்குதான் ஓரிரவு அவரது வாழ்வின் திசையை மாற்றியது.

அன்றிரவு பிராமண வாலிபர் ஒருவர் அவ்வீட்டு வாசலுக்கு வந்து, பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடும் தமது இளம் மனைவியைக் காப்பாற்ற வருமாறு ஐடாவை வேண்டினார். தமக்கு வைத்தியம் தெரியாது என்றும் தமது தந்தையாரே வைத்தியர் என்றும் ஐடா எடுத்துரைத்தார். அந்நிய ஆடவர் தமது மனைவியைப் பார்ப்பதற்கு வழக்கம் இடந்தராது என்று கூறி அவர் திரும்பிச் சென்றார். சற்று நேரத்தில் முஸ்லிம் ஒருவர் அதே வேண்டுகோளுடன் வந்தார். அவரும் அதே காரணத்தால் வெறுங்கையுடன் திரும்பினார். மூன்றாவதாக வந்த இந்து ஒருவருக்கும் அதுவே நேர்ந்தது. விடிந்ததும் தெருவிலிருந்து சாவுப்பறை கேட்டது. வேலையாளை அனுப்பி விசாரித்தபோது, மூன்று பெண்களுமே இறந்துவிட்டமை தெரியவந்தது.

ஐடாவை வைத்தியராக்குவதற்காகவே அம்மூவரும் இறக்க வேண்டியிருந்தது என்று கூறுவது பெருந்தவறாகும். எந்தவொரு தாயின் உயிரும் பிறருக்குப் பாடம் புகட்டுவதற்கான கருவியன்று. அன்று இறைவனின் குரல் ஒலித்தது மரணத்தில் அன்று; உதவி கேட்டு வாசலில் வந்து நின்றவர்களின் வேண்டுகோளிலேயாம். இயேசு கூறிய நல்ல சமாரியன் உவமையிலும் வழிப்போக்கன் காயமுற்றுக் கிடந்ததை இறைசித்தம் என்று எவரும் கூறவில்லை. பயணத்தை நிறுத்தி அவனருகே சென்றமையே அங்கு இறைசித்தமாயிற்று. இன்னொரு முறை எவரும் வாசலுக்கு வந்தால் அதே பதிலைக் கூற ஐடாவால் இயலவில்லை. வைத்தியம் கற்கப் போவதாக அன்று பெற்றோரிடம் தெரிவித்தார்.

அமெரிக்கா சென்று பிலடெல்பியாவிலும் பின்னர் நியூயோர்க்கின் கோர்னெல் மருத்துவக் கல்லூரியிலும் பயின்று 1899இல் பட்டம் பெற்றார். வேலூரில் பெண்களுக்கான வைத்தியசாலை ஒன்றை அமைப்பதற்குச் செல்வந்தர் ஒருவர் தமது மறைந்த மனைவியின் நினைவாக 10,000 டொலரை வழங்கினார். அனுபவம் மிக்க தந்தையாரின் வழிகாட்டலில் பணியாற்றலாம் என்ற நம்பிக்கையுடன் 1900இன் தொடக்கத்தில் ஐடா இந்தியா வந்து சேர்ந்தார். சில மாதங்களிலேயே தந்தையார் காலமானார். அத்திட்டமும் குலைந்தது. எனினும் பங்களாவின் சிறிய அறையொன்றில் தனித்தே வைத்தியத்தை ஆரம்பித்தார். 1902இல் 40 கட்டில்களைக் கொண்ட மேரி டேபர் ஷெல் வைத்தியசாலை திறக்கப்பட்டது.

ஒருவர் எத்தனை வாசல்களுக்குச் செல்ல முடியும்? இவ்வினாவே அவரை ஆசிரியையாகவும் ஆக்கியது. 1909இல் தாதியர் பயிற்சியை ஆரம்பித்தார். வைத்தியசாலைக்கு வர இயலாதோரை நாடிக் குடியாத்தம் வீதியில் வாகனத்தை நிறுத்தி, மர நிழல்களிலே மருந்து வழங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பாடசாலையைத் திறந்தார். விண்ணப்பிக்க மூவர்கூட முன்வருவது ஐயமே என்று அதிகாரிகள் கருதிய வேளையில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் விண்ணப்பித்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

1930களின் பிற்பகுதியில் மீண்டும் ஒரு தடை ஏற்பட்டது. மருத்துவக் கல்வி பல்கலைக்கழகப் பட்டத் தரத்தில் அமைய வேண்டுமெனச் சென்னை அரசாங்கம் விதித்தது. பாடசாலை மூடப்படும் அபாயம் உருவானது. எழுபது வயதை எட்டிய நிலையிலும் அவர் நிதி திரட்ட அமெரிக்கா சென்றார். கல்லூரியைக் காப்பாற்ற வேண்டுமாயின் ஆண்களையும் சேர்த்துக் கொள்ள வேண்டும் என்ற நிலை ஏற்பட்டபோது, பெண்களுக்கென்றே அதனை ஆதரித்துவந்த நண்பர்கள் பலர் எதிர்த்தனர். தாமே வகுத்த திட்டத்தை விட்டுக்கொடுக்க வேண்டிய சோதனை அது. ஐடா மாற்றத்தை ஏற்றார். 1942இல் பட்டப்படிப்பு ஆரம்பமானது. 1947இல் ஆண் மாணவரும் சேர்க்கப்பட்டனர்.

1946இல் ஓய்வு பெற்ற அன்னார், 1960 மே 24ஆம் திகதி கொடைக்கானலில் தமது 89ஆவது வயதில் காலமானார். அவர் நிறுவிய வைத்தியசாலை இன்றும் இன, மத பேதமின்றி நோயாளரை ஏற்று வருகின்றது.

சிறிது காலம் தங்கிச் செல்லவே ஐடா வந்தார். அன்றிரவு வாசலுக்கு வந்தவர்கள் எச்சமயத்தவர் என்பது அவரது வாழ்நாள் விடையில் ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. நமது வேலையின் நடுவே, நாம் விரும்பாத நேரத்தில் வந்து நிற்கும் மனிதரையும் அவ்வாறே நோக்கப் பழகுவோமாயின், இடையூறு எனக் கருதியதே நமக்கு இறைவன் குறித்த பணியாக இருப்பதைக் காணலாம்.