நீண்ட கரங்களின் காவலர்

காற்பந்து ஆட்டத்தில் கோல் அடித்தவரின் பெயரை அரங்கமே சேர்ந்து முழங்கும். கோல் காவலரின் பெயரோ, பெரும்பாலும் அவர் பந்தைத் தவறவிடும்போதுதான் பேசப்படும். ஆயினும், ஒரு கோல்கூட அடிக்காமல், கோல்களைத் தடுத்தே மக்கள் மனத்தில் இடம்பிடித்த மலேசியர் ஒருவர் உண்டு. அவர்தான் ஆர். ஆறுமுகம்.

ஆறுமுகம் 1953ஆம் ஆண்டு சிலாங்கூர் மாநிலத்தின் துறைமுக நகரில் பிறந்தார். இன்று கிள்ளான் துறைமுகம் என்று வழங்கும் அவ்வூருக்கு அப்போது போர்ட் சுவெட்டன்ஹாம் என்பது பெயர். துறைமுகத்திலும் இரயில்வேயிலும் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் பல அங்கு வாழ்ந்தன. அவருக்கு நான்கு வயதானபோது நாடு விடுதலை பெற்றது. கோலாலம்பூரில் விடுதலை முழக்கம் எழுந்த மெர்டேக்கா அரங்கமே பின்னாளில் அவர் புகழ்பெற்ற களமாகவும் அமைந்தது.

கோல் காவலரின் பணி எளிதன்று. அவர் காக்க வேண்டிய கோல் கம்பங்களுக்கு இடையே 7.32 மீட்டர் அகலம் உண்டு. மேல் கம்பத்தின் உயரம் 2.44 மீட்டர். பெனால்டி உதைக்கப்படும் இடமோ வெறும் 11 மீட்டர் தொலைவில் இருக்கிறது. பந்து எந்தப் பக்கம் வரும் என்பதைக் கணித்து, நொடிப்பொழுதில் பாய வேண்டும். உயரமாக வரும் பந்தை எதிரணியினரின் தலைகளுக்கு மேலே எழும்பிப் பிடிக்க வேண்டும். கணிப்புச் சற்றுத் தவறினாலும் பந்து வலைக்குள் புகுந்துவிடும். முன்னே நிற்கும் ஆட்டக்காரர் செய்யும் பிழையைத் திருத்தப் பின்னால் ஒருவர் இருப்பார். கோல் காவலருக்குப் பின்னால் வலை மட்டுமே இருக்கும்.

இந்தப் பணிக்கு ஏற்ற உடலமைப்பு ஆறுமுகத்திற்கு வாய்த்திருந்தது. அவருடைய கரங்கள் நீண்டவை. ஆறுமுகக் கடவுளுக்குப் பன்னிரு கைகள் என்பர். இந்த ஆறுமுகத்திற்கு இருந்தவை இரண்டே கைகள்தாம். எனினும், எட்டாது என்று எல்லாரும் எண்ணிய பந்தையும் அவை எட்டித் தட்டிவிட்டன. அவர் பாய்ந்து பந்தைத் தடுக்கும் அழகைக் கண்ட இரசிகர்கள் அவரை ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைத்தனர். தமிழர், மலாய்க்காரர், சீனர் என்ற வேறுபாடின்றி எல்லாரும் அவரை அப்பெயரால் அறிந்திருந்தனர்.

ஆறுமுகம் சிலாங்கூர் அணிக்காக விளையாடினார். அவர் விளையாடிய காலத்தில் அவ்வணி மலேசியக் கிண்ணத்தைப் பலமுறை வென்றது. முன்வரிசையில் மொக்தார் டஹாரி கோல்களைக் குவிக்க, தற்காப்பில் சந்தோக் சிங் அரணாக நிற்க, கடைசிக் காவலாக ஆறுமுகம் விளங்கினார். 1970களின் தொடக்கத்தில் அவர் தேசிய அணியிலும் இடம்பெற்றார். 1974ஆம் ஆண்டு தெஹ்ரானில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியா வெண்கலப் பதக்கம் பெற்றது. அந்த அணியில் அவரும் ஒருவர். பின்னர் 1977ஆம் ஆண்டு கோலாலம்பூரிலும் 1979ஆம் ஆண்டு ஜகார்த்தாவிலும் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் மலேசியக் காற்பந்து அணி தொடர்ந்து தங்கம் வென்றது. நாட்டுக்காக அவர் ஆடிய ஆட்டங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை.

அவருடைய வாழ்வில் மறக்க முடியாத ஆண்டு 1980. மாஸ்கோ ஒலிம்பிக் போட்டிக்கான தகுதிச் சுற்று அவ்வாண்டு கோலாலம்பூரில் நடைபெற்றது. ஏப்ரல் 6ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் மலேசியாவும் தென் கொரியாவும் மோதின. வெல்லும் அணிக்கு மட்டுமே ஒலிம்பிக் வாய்ப்பு. இரு அணிகளும் தலா ஒரு கோல் அடித்திருந்தன. ஆட்டம் முடியும் தறுவாயில், சபாவைச் சேர்ந்த ஹசான் சானி பந்தைக் கொடுக்க, அதே மாநிலத்தின் ஜேம்ஸ் வோங் அதைக் கோலாக மாற்றினார். அணித் தலைவர் சோ சின் ஆன், சந்தோக் சிங், ஆறுமுகம் ஆகியோர் இறுதிவரை தற்காப்பைத் தளரவிடவில்லை. மலேசியா 2-1 எனும் கணக்கில் வென்றது. அரங்கமே ஆர்ப்பரித்தது. பல இனத்தவர் ஒன்றிணைந்து ஈட்டிய வெற்றி அது.

எனினும், அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1979ஆம் ஆண்டு இறுதியில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்திருந்தன. அதனைக் கண்டித்துப் பல நாடுகள் மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. மலேசியாவும் அவற்றுள் ஒன்று. வியர்வை சிந்திப் பெற்ற இடத்தை அணியினர் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. மலேசியாவுக்குப் பதிலாக ஈராக் அணி மாஸ்கோ சென்றது. அப்போது ஆறுமுகத்திற்கு வயது 27. ஒரு கோல் காவலர் முதிர்ச்சியோடு ஆடத் தொடங்கும் வயது அது. அதன்பின் மலேசியா காற்பந்தில் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறவில்லை. எத்தனையோ பந்துகளை எட்டிப் பிடித்த அந்தக் கரங்களுக்கு ஒலிம்பிக் மட்டும் எட்டாமலே போயிற்று.

ஏமாற்றத்தால் அவர் துவண்டுவிடவில்லை. கையுறையைக் கழற்றி வைக்காமல், தொடர்ந்து பல ஆண்டுகள் நாட்டிற்காகவும் மாநிலத்திற்காகவும் கோல் கம்பங்களுக்கிடையே நின்றார். 1988ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நிகழ்ந்த சாலை விபத்து அவருடைய உயிரைப் பறித்தது. அப்போது அவருக்கு வயது 35 மட்டுமே. காற்பந்து உலகம் துயரில் ஆழ்ந்தது.

2016ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஓலா போலா’ என்னும் மலேசியத் திரைப்படம் 1980ஆம் ஆண்டு அணியின் கதையைத் தழுவி எடுக்கப்பட்டது. அதில் வரும் தமிழ்க் கோல் காவலர் பாத்திரம், ஆறுமுகத்தின் ஆட்டத்தைக் கண்டிராத இளையோருக்கும் அவரை நினைவூட்டியது. ஒலிம்பிக்கில் ஆடாத ஓர் அணியின் வெற்றியை, முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகும் மக்கள் திரையரங்கில் கைதட்டி வரவேற்றனர். பதக்கப் பட்டியலில் இடம்பெறாத அந்த வெற்றியும், அதைக் காத்துநின்ற ஆறுமுகத்தின் பெயரும் இன்றும் மலேசியர் நெஞ்சில் நிலைத்திருக்கின்றன.