பாரதிதாசனாரின் இரண்டாம் கல்வி

புதுவை நகர் அக்காலத்தே பிரெஞ்சியர் ஆட்சியில் இருந்தது. கடற்கரையை ஒட்டிய பகுதியில் வெள்ளையரும், கால்வாய்க்கு மேற்கே தமிழரும் வாழ்ந்தனர். அந்நகரில் வணிகம் புரிந்துவந்த கனகசபை முதலியாருக்கும் அவர்தம் துணைவியார் இலக்குமி அம்மையாருக்கும் 1891ஆம் ஆண்டு ஏப்பிரல் 29ஆம் நாள் ஓர் ஆண்மகவு பிறந்தது. சுப்புரத்தினம் என்று பெயரிட்டனர். தந்தையார் பெயரின் முற்பகுதியும் சேரக் கனகசுப்புரத்தினம் என்று அப்பிள்ளை வழங்கப்பெற்றார். பாரதிதாசன் எனப் பின்னாளில் நாடறிந்த பாவலர் இவரே.

பிரெஞ்சு மொழி கற்றோர்க்கு அரசுப் பணிகள் எளிதிற் கிட்டிய காலம் அது. சுப்புரத்தினமும் சிறிது காலம் பிரெஞ்சுப் பள்ளியில் பயின்றார். ஆயினும் அவர் உள்ளம் தமிழையே நாடிற்று. திருப்புளிசாமி ஐயா, பங்காரு பத்தர், பெரியசாமிப் பிள்ளை முதலிய தமிழாசான்களை அடுத்துப் பாடங் கேட்டார். அக்காலத்துத் தமிழ்க் கல்வி எளியதன்று. நிகண்டினை நெட்டுருச் செய்தல் வேண்டும். நன்னூலும் காரிகையும் நாவில் நிற்றல் வேண்டும். செய்யுளைக் கேட்ட அளவில் அதன் சீரும் தளையும் புலப்படல் வேண்டும். இத்தகைய பயிற்சியுடன் பதினாறாம் வயதில் அவர் புதுவைக் கல்வே கல்லூரியிற் புகுந்தார். மூன்றாண்டுப் பாடத்தினை இரண்டே ஆண்டில் முடித்து முதல் மாணவராகத் தேறினார். 1909ஆம் ஆண்டில், பதினெட்டே வயதில், காரைக்காலைச் சார்ந்த நிரவி என்னும் ஊரில் தமிழாசிரியரானார்.

கற்க வேண்டுவனவெல்லாம் கற்றாயிற்று. கற்பிக்கும் இருக்கையும் கிடைத்தாயிற்று. இந்நிலையை அடைந்த இளைஞர் பலர் அதனோடு அமைதி கொள்வர். அவ்வாறு கொள்வதைக் குற்றமென்று கூறுதற்கும் இல்லை. சுப்புரத்தினமோ அமைதி கொண்டாரல்லர்.

1908ஆம் ஆண்டில் சுப்பிரமணிய பாரதியார் ஆங்கில அரசின் பிடிக்கு அகப்படாமல் புதுவைக்கு வந்து சேர்ந்திருந்தார். முறுக்கிய மீசையும் தலைப்பாகையும் உடைய அவரைச் சுப்புரத்தினம் தெருவிற் கண்டதுண்டு. இரவிவர்மர் ஓவியத்துச் சிவபெருமானை ஒத்தவர் என்று எண்ணியதும் உண்டு. அவர் யாரென்பது மட்டும் தெரியாது.

ஒருநாள் வேணு நாயக்கர் என்பவர் இல்லத்தில் திருமணம் நடைபெற்றது. விருந்திற்குப் பின் பாட்டுக் கச்சேரி கூடிற்று. நண்பர் வேண்டச் சுப்புரத்தினம் எழுந்து, நாட்டு விடுதலையைக் குறித்த பாரதியார் பாடல் ஒன்றைப் பாடினார். அவையில் ஒருபுறம் அமர்ந்திருந்த பாரதியார் உற்றுக் கேட்டார். பாடி முடிந்ததும், தமிழ் கற்றதுண்டோ என்று வினவினார். சிறிதளவு கற்றதுண்டு எனக் கல்லூரியின் முதல் மாணவர் அடக்கமாக விடை கூறினார். உணர்ந்து பாடினீர் என்று பாரதியார் பாராட்டினார். வினவியவர் இன்னார் என்று பிறகே சுப்புரத்தினம் அறிந்தார். அறிந்ததும் நாணமும் வியப்பும் அவரை ஆட்கொண்டன. இல்லத்திற்கு வருமாறு பாரதியார் அழைத்தார்.

அவ்வீட்டிற்குச் செல்வது அக்காலத்தில் சிறு செயலன்று. புதுவையில் தங்கிய விடுதலை வீரர் எவரெவரோடு பழகுகின்றனர் என்பதை ஆங்கில அரசின் ஒற்றர் ஓயாது கண்காணித்து வந்தனர். பிரெஞ்சு அரசின் ஊதியம் பெறும் இளம் ஆசிரியர்க்கு அச்சம் தோன்றுதல் இயல்பே. எனினும் சுப்புரத்தினம் சென்றார், பலமுறை சென்றார்.

அங்கே வேறொரு தேர்வு அவர்க்குக் காத்திருந்தது. இவர் பாட வல்லவர் என்று பாரதியார் நண்பர்களிடம் கூறினார். அவருட் சிலர் ஐயுற்றனர். உடனே அவர்கள் கண்முன்னரே ஒரு பாட்டு எழுதுமாறு பாரதியார் பணித்தார். தவறினால் எழுதியவர் மட்டுமா நாணுவார்? தேர்ந்தெடுத்த ஆசானுக்கும் அன்றோ தாழ்வு! நிகண்டுச் சொற்களை அடுக்கிக் கற்றோர் வியக்கும் கடிய செய்யுள் ஒன்றை இயற்றுதல் சுப்புரத்தினத்திற்கு அரிதன்று. அவர் அதனைச் செய்யவில்லை. எவ்விடத்தும் சத்தியே விளங்குகிறாள் என்னும் கருத்தினைத் தெளிந்த சொற்களில், துள்ளும் சந்தத்தில் எழுதிப் படித்தார். பாரதியார் மகிழ்ந்து, தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்னும் குறிப்புடன் அதனைச் சுதேசமித்திரன் இதழுக்கு அனுப்பினார்.

எளிய நடையிற் பாடுவது எளிது என்பர் அறியாதார். பண்டிதர் அவைக்கென்று பாடப் பழகிய ஒருவர், ஏர் உழுவாரும் நெசவு செய்வாரும் கேட்டு மகிழுமாறு பாடக் கற்றல், நிகண்டு முழுவதையும் மனப்பாடம் செய்வதினும் கடினம். தாம் அரிதின் ஈட்டிய சொற்களுட் பலவற்றைப் பயன்படுத்தாமல் விடுவதற்கும் துணிவு வேண்டும். அக்கல்வியையே சுப்புரத்தினம் பாரதியாரிடம் பெற்றார். சாதி வேற்றுமை பாராட்டாத அவ்வீட்டுப் பழக்கமும் அக்கல்வியின் ஒரு பகுதியாயிற்று. முன்னர்க் கற்ற இலக்கணமோ வீண்போகவில்லை. அவர்தம் விருத்தங்களிலும் அகவல்களிலும் ஓசை பிழையாது நிற்பதற்கு அதுவே காரணம்.

1918ஆம் ஆண்டில் பாரதியார் புதுவையை விட்டு நீங்கினார். 1921இல் சென்னையில் மறைந்தார். மாணவரோ பாரதிதாசன் என்னும் புனைபெயரைத் தாங்கினார். பின்னர்ப் பெரியாரின் தன்மதிப்பு இயக்கத்தைச் சார்ந்து, முன்பு தெய்வத் துதிகள் பாடிய நாவால் சீர்திருத்தப் பாடல்கள் பாடினார். அப்போது, அடிமை எனப் பொருள்படும் அப்பெயர் எதற்கு என்று குறை கூறினோர் பலர். அவர் அதனை மாற்றினாரல்லர். 1935ஆம் ஆண்டில் தாம் ஆசிரியராக இருந்து வெளியிட்ட கவிதை இதழுக்கும் பாரதியார் பெயரால் அமைந்த கவிதா மண்டலம் என்பதையே பெயராகச் சூட்டினார்.

பாண்டியன் பரிசு, அழகின் சிரிப்பு, குடும்ப விளக்கு முதலிய நூல்களை எழுதிய காலத்திலும் அவர் பள்ளியாசிரியராகவே விளங்கினார். 37 ஆண்டுகள் பணியாற்றி 1946இல் ஓய்வு பெற்றார். அவ்வாண்டு சூலை 29ஆம் நாள் சென்னையில் கூடிய விழாவில் அவருக்கு 25,000 ரூபாய் கொண்ட பொற்கிழி வழங்கப்பெற்றது. 1964ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள் சென்னையில் அவர் மறைந்தார். அவருடைய பிசிராந்தையார் நாடகம் மறைவுக்குப் பின் 1969ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அகாதெமிப் பரிசினைப் பெற்றது. புதுவைப் பெருமாள் கோயில் வீதியில் அவர் வாழ்ந்த இல்லம் நினைவு அருங்காட்சியகமாக விளங்குகிறது. பாரதியார் வாழ்ந்த ஈசுவரன் தருமராசா கோயில் வீதி இல்லமும் அதே நகரில்தான் உள்ளது.