உடனடிப் படம் தந்த எட்வின் லேண்ட்

பழைய போலராய்டு காமிரா ஒன்று கையில் கிடைத்தால் நாம் செய்யும் முதற்காரியம் பொத்தானை அழுத்திப் பார்ப்பதுதான். ஓசை ஏதும் எழாது. கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டி மூலையில் வைத்துவிடுவோம். பெரும்பாலும் அது கெட்டுப்போயிருப்பதில்லை, பசித்திருக்கிறது, அவ்வளவே. அந்தப் பசி எப்படி வந்தது என்பதை அறிய, அதைப் படைத்த எட்வின் ஹெர்பர்ட் லேண்ட் என்னும் அமெரிக்கரின் வாழ்க்கையைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும்.

லேண்ட் 1909ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் பழைய இரும்பு, உலோகங்களை வாங்கி விற்கும் வணிகர். 1926இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மகன், சில மாதங்களிலேயே அங்கிருந்து வெளியேறி நியூயார்க் சென்றார். தேர்வுக்கு அஞ்சி ஓடியவர் அல்லர் அவர். பகலெல்லாம் நகரப் பொது நூலகத்தில் ஒளியியல் நூல்களைப் படித்தார். இரவில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் அனுமதியின்றி நுழைந்து சோதனைகள் செய்தார். (இதைப் படித்துவிட்டு நம் ஆய்வகச் சன்னலை யாரும் பார்க்க வேண்டாம்!)

அவரை ஆட்கொண்டிருந்தது ஒளியின் தளவிளைவு. இயற்பியல் மாணவர்கள் நிகோல் பட்டகத்தை அறிவார்கள். படிகத்தை வெட்டி ஒட்டிச் செய்யும் அது சிறியது, விலை மிகுந்தது. தளவிளைவு தரும் வேறொரு படிகத்தைப் பெரிதாக வளர்த்துவிடலாம் என்று பலர் முயன்று தோற்றனர். லேண்ட் வழியை மாற்றினார். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய படிகங்களைக் கோடிக்கணக்கில் ஒரு மெல்லிய தாளில் பரப்பி, எல்லாவற்றையும் ஒரே திசையில் நிற்கச் செய்தார். 1929இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது அவருக்கு வயது 19. மீண்டும் ஹார்வர்டு சென்று, மீண்டும் பட்டம் பெறாமலே வெளியேறினார். 1937இல் போலராய்டு நிறுவனம் பிறந்தது. பட்டம் தராத அதே பல்கலைக்கழகம் 1957இல் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது.

1943ஆம் ஆண்டு விடுமுறைக்காகக் குடும்பத்துடன் நியூ மெக்சிகோவில் உள்ள சாந்தா ஃபே நகருக்குச் சென்றிருந்தார். அங்கே அவர் எடுத்த படத்தை உடனே பார்க்க முடியாதது ஏன் என்று 3 வயது மகள் கேட்டுவிட்டாள். நாமாக இருந்தால் ஏதேனும் சமாதானம் சொல்லியிருப்போம். லேண்ட் தனியே உலாவப் புறப்பட்டார். ஒரு மணி நேரத்தில் காமிரா, பிலிம், வேதியியல் எல்லாவற்றின் அமைப்பும் மனத்தில் உருவாகிவிட்டனவாம். ஆயினும் மனத்தில் உருவானது கையில் வர மேலும் சில ஆண்டுகள் ஆயின.

அவர் செய்தது இதுதான்: இருட்டறையையே பிலிமுக்குள் அடக்கினார். நெகடிவ் தாளும், படம் பதியும் தாளும் முகத்தோடு முகம் சேர்கின்றன. ஓரத்தில் சிறு பையில் மருந்துப் பசை இருக்கிறது. இரண்டு உருளைகளுக்கிடையே தாள்கள் வெளிவரும்போது பை உடைந்து பசை சீராகப் பரவுகிறது. ஒளிபட்ட வெள்ளி நெகடிவிலேயே கருத்து நிற்க, ஒளிபடாத பகுதியின் வெள்ளி உப்பு கரைந்து எதிர்த்தாளுக்குச் சென்று படமாகிறது. 1947 பிப்ரவரி 21 அன்று நியூயார்க்கில் அறிஞர் கூட்டத்தின் முன் தம் முகத்தையே படமெடுத்துக் காட்டினார். 1948 நவம்பர் 26 அன்று பாஸ்டன் கடை ஒன்றில் மாடல் 95 என்ற காமிரா விற்பனைக்கு வந்தது. விலை 89 டாலர் 75 சென்ட். வைத்திருந்தவை அனைத்தும் அன்றே விற்றுத் தீர்ந்தன.

முதலில் வந்தவை பழுப்புப் படங்கள். 1950இல் கறுப்பு வெள்ளை வந்தது. ஆனால் படங்கள் மங்கத் தொடங்கின. ஒவ்வொரு படத்தின் மேலும் பாதுகாப்புப் பூச்சு ஒன்றைத் தடவ வேண்டியதாயிற்று. கறுப்பு வெள்ளை ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கிய மெரோ மார்ஸ் என்னும் பெண்மணி கல்லூரியில் பயின்றது வேதியியல் அன்று, கலை வரலாறு. கலைக் கல்லூரியில் பயிலும் நாம் இதைப் பெருமையுடன் நினைவில் கொள்ளலாம். 1963இல் வண்ணப் படம் வந்தது.

லேண்டின் கனவு முழுமை பெற்றது 1972இல் வந்த எஸ்.எக்ஸ்.70 காமிராவில். மடித்தால் சட்டைப்பைக்குள் அடங்கிவிடலாம். பை பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவே. படம் தானே வெளிவந்து பகல் வெளிச்சத்திலேயே உருவாகும். அதற்கு வேண்டிய 6 வோல்ட் மின்சாரத்தை எங்கே வைத்தார்? காமிராவில் அல்ல, தட்டையான பாட்டரியாகப் பிலிம் பெட்டிக்குள். பிலிம் மாற்றினால் பாட்டரியும் புதிதாகும். பாட்டரி தீர்ந்ததே என்று யாரும் தவிக்க வேண்டாம். பிலிம் வராத நாள் ஒன்று வரும் என்று அப்போது யார் நினைத்தார்கள்?

அந்த நாள் முதலில் எதிரிக்கு வந்தது. 1976இல் கோடக் நிறுவனமும் உடனடிக் காமிராவை வெளியிட்டது. போலராய்டு வழக்குத் தொடுத்தது. 1985இல் தீர்ப்பு லேண்டின் காப்புரிமைகளுக்குச் சாதகமாக வந்தது. 1986 ஜனவரியில் கோடக் அத்தொழிலை விட்டு விலகியது. அந்தக் காமிராக்களை வாங்கியிருந்த மக்கள் பிலிமின்றித் தவித்தனர். வெற்றியின் இந்தப் பக்கத்தை லேண்டின் வரலாற்றை எழுதுவோர் அதிகம் பேசுவதில்லை. அதற்குள் லேண்டும் தம் நிறுவனத்தில் இல்லை. 1977இல் கொண்டுவந்த போலாவிஷன் என்னும் உடனடிச் சலனப்படம் பெருநட்டம் தந்தது. 1980இல் தலைமைப் பொறுப்பையும், 1982இல் நிறுவனத்தையும் விட்டு விலகி, மீண்டும் ஆராய்ச்சியில் அமர்ந்தார். 1991 மார்ச் 1 அன்று கேம்பிரிட்ஜ் நகரில் காலமானார். 535 காப்புரிமைகள் அவர் பெயரில் இருந்தன.

2001இல் போலராய்டு நொடித்தது. 2008இல் பிலிம் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. கோடக் காமிராக்களின் கதி லேண்டின் காமிராக்களுக்கும் வந்தது. நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் இருந்த கடைசித் தொழிற்சாலையின் இயந்திரங்களைச் சிலர் விலைக்கு வாங்கிக் காப்பாற்றினர். பழைய வேதிப்பொருள்கள் பல கிடைக்காததால் பிலிமைப் புதிதாகவே கண்டறிய வேண்டியிருந்தது. 2010இல் அவர்கள் பிலிம் வெளிவந்தது. பின்னர் போலராய்டு என்ற பெயரும் அவர்களிடமே வந்து சேர்ந்தது.

ஆதலால் பெட்டியில் உறங்கும் காமிராவுக்கு இனி உணவு தேடலாம். எஸ்.எக்ஸ்.70 காமிராவுக்கு அதே பெயருள்ள பிலிமும், 600 வகைக்கு 600 என்ற பிலிமும் வேண்டும். 600 பிலிம் ஏறத்தாழ 4 மடங்கு ஒளியுணர்வு மிக்கது. மாற்றிப் போட்டால் படம் வெளிறும் அல்லது இருளும். ஐ-டைப் என்ற பிலிம் விலை குறைவு என்று வாங்கி ஏமாற வேண்டாம். அதில் பாட்டரி இல்லை, பழைய காமிரா அசையாது. காலாவதியான பழைய பெட்டிகளில் பாட்டரி தீர்ந்து பசையும் உலர்ந்திருக்கும். புதிய பெட்டியின் உற்பத்தித் தேதியைப் பார்த்து, ஓராண்டுக்குள் பயன்படுத்துவது நலம். அதுவரை குளிர்பெட்டியில் வைக்கலாம், உறைய விடக்கூடாது. 13 முதல் 28 பாகை வெப்பம் பிலிமுக்கு ஏற்றது. நம்மூர்க் கோடையில் விடியற்காலையில் எடுப்பதே உத்தமம். படங்களில் ஒரே இடைவெளியில் புள்ளிகள் விழுந்தால் உருளைகளில் பழைய பசை காய்ந்திருக்கிறது என்று பொருள். ஈரத்துணியால் மெல்லத் துடைத்தால் போதும்.

மாடல் 95 வைத்திருப்போர் நிலைதான் இரங்கத்தக்கது. அதற்குரிய சுருள் பிலிம் 1992இலேயே நின்றுவிட்டது. தாளை இழுத்துப் பிரிக்கும் வகைக் காமிராக்களுக்கு ஃபூஜி நிறுவனம் செய்துவந்த பிலிமும் 2016இல் நின்றது. மற்றவர்கள் புதிய பெட்டியை நுழைத்துக் கதவை மூடிப் பார்க்கட்டும். உள்ளே உருளைகள் சுழலும் ஓசை எழுந்து, மேலிருக்கும் கறுப்பு அட்டை வெளியே வந்தால், காமிரா உயிரோடுதான் இருக்கிறது.